கிணற்றை உண்பவர்கள்

1

காரைக்குடியில் செக்காலை என்று ஒரு பகுதி இருக்கிறது. பெயரிலேயே செக்கு இருக்கிறது. எண்ணெய் என்ற சொல்லையும் பிரித்தால் எள் நெய் என்று வரும். ஆக, எங்கள் ஊரில் 'எண்ணெய் உற்பத்தியாளர்' என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது டெக்ஸாஸும் சவுதியும் இல்லை. உரல், உலக்கை, எள், கருப்பட்டி, ஒரு மாடு. இப்போது மாட்டுக்குப் பதில் மோட்டார்.

ஆனால் இந்தக் கட்டுரை மண்ணுக்கு அடியிலிருந்து வரும் எண்ணெயையும் பற்றியது. இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. இரண்டிலும் ஒரே மாதிரி ஆள் திரும்பத் திரும்ப வருகிறார்: சொந்தமாக ஒரு கிணறோ செக்கோ வைத்திருப்பவர், யாரிடமும் சம்பளம் வாங்காதவர், ஒரு பெரிய கம்பெனி பக்கத்தில் வந்து நின்றதும் காணாமல் போகிறவர். அமெரிக்காவில் இவருக்கு 'இண்டிபெண்டன்ட்' என்றே பெயர். நாம் தனி உற்பத்தியாளர் என்று சொல்லலாம்.

இவர் காணாமல் போவது வருத்தமான விஷயம் என்று நமக்கு இயல்பாகவே தோன்றுகிறது. ஏன் தோன்றுகிறது? அது வெறும் ஏக்கமா, இல்லை உண்மையிலேயே ஒரு அநியாயம் நடக்கிறதா? அநியாயம் என்றால் அதைச் செய்தவர் யார்? மலிவாகக் கொடுத்த கம்பெனியா, மலிவாக வாங்கிய நாமா? இதைத்தான் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

2

1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் ஊரில் எட்வின் டிரேக் என்பவர் துளையிட்ட கிணற்றில் எண்ணெய் வந்தது. அடுத்த சில வருடங்களில் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கச் சின்னச் சின்ன ஆட்கள். கையில் இருந்த காசைப் போட்டுக் கிணறு தோண்டியவர்கள், மரத்தொட்டி செய்தவர்கள், பீப்பாயை வண்டியில் ஏற்றியவர்கள். பூமியிலிருந்து எடுப்பதில் யாரும் யாரையும் தடுக்க முடியவில்லை. ஆனால் எடுத்த எண்ணெய் சந்தைக்குப் போக வேண்டுமென்றால் ரயில் வேண்டும்.

ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் 1870இல் தொடங்கியது. 1872இல் சவுத் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி என்ற பெயரில் ரயில்வேக்களோடு ஒரு ரகசிய ஒப்பந்தம் தயாரானது. எல்லோருக்கும் சரக்குக் கட்டணம் ஏறும், கூட்டணியில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு பகுதி திரும்ப வரும். இதுவரைக்கும் சாதாரண தள்ளுபடிதான். அடுத்த ஷரத்துதான் விசேஷம்: வெளியில் இருக்கும் போட்டியாளர் கட்டுகிற கட்டணத்திலிருந்தும் ஒரு பகுதி கூட்டணிக்காரர்களுக்கே போகும். அதாவது நீங்கள் உங்கள் எண்ணெயை அனுப்பும் ஒவ்வொரு முறையும் உங்கள் எதிராளியின் கல்லாவில் காசு விழும்.

விஷயம் வெளியே கசிந்ததும் எண்ணெய்ப் பகுதி கொந்தளித்தது. தனி உற்பத்தியாளர்கள் எண்ணெய் விற்க மறுத்தார்கள். அந்தக் கம்பெனியின் சாசனம் ரத்தானது. ஆனால் அந்தச் சில வாரங்களுக்குள் கிளீவ்லாந்தில் இருந்த 26 போட்டி சுத்திகரிப்பு ஆலைகளில் 22ஐ ராக்ஃபெல்லர் வாங்கி முடித்திருந்தார். அப்போது டைட்டஸ்வில்லில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி தன் அப்பாவின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தொட்டி செய்து பிழைத்து, பிறகு எண்ணெய் எடுப்பவரானவர் அவர். அந்தப் பெண் ஐடா டார்பெல். முப்பது வருடம் கழித்து மெக்ளூர்ஸ் பத்திரிகையில் தொடராக அவர் எழுதிய ஸ்டாண்டர்ட் ஆயில் வரலாறு 1904இல் புத்தகமானது. 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்ட் ஆயிலைத் துண்டு துண்டாகப் பிரித்தது.

டார்பெல்லின் வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது இது: ஸ்டாண்டர்ட் பெரிதாக இருந்ததை அவர் குற்றமாக்கவில்லை. அதன் நிர்வாகத் திறமையை வெளிப்படையாகவே மெச்சுகிறார். மண்ணெண்ணெய் விலை 1870களிலிருந்து விழுந்துகொண்டே போனதும் உண்மை. ஏழை வீட்டில் ராத்திரி விளக்கு எரிந்தது. அவர் குற்றம் என்று சொன்னது ரயில் பாதையை. எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டிய வழி ஒருத்தன் பைக்குள் போனதை.

அதனால்தான் தனி உற்பத்தியாளர்கள் 1879இல் செய்த காரியம் எனக்குப் பிடிக்கும். மனுப் போட்டுக் கொண்டிருக்காமல், மலையைத் தாண்டி நூறு மைலுக்கு மேல் சொந்தமாகக் குழாய் பதித்தார்கள். டைட்வாட்டர் என்று பெயர். அவ்வளவு தூரத்துக்கு எண்ணெய்க் குழாய் அதற்கு முன் இல்லை. மலையைத் தாண்ட ரயில் தேவைப்படவில்லை. நாலே வருடத்தில் ஸ்டாண்டர்ட் அதிலும் பங்கு வாங்கி உள்ளே நுழைந்துவிட்டது என்பது கதையின் மறுபாதி.

3

இதே கதை தமிழ்நாட்டிலும் நடந்தது, கடலில். 1906இல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியபோது தூத்துக்குடி – கொழும்பு கடல் வழி ஆங்கிலேயரின் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கையில் இருந்தது. சுதேசிக் கப்பல் வந்ததும் அவர்கள் கட்டணத்தைக் குறைத்தார்கள். இவர்களும் குறைத்தார்கள். கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்தார்கள் என்பது நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கேட்ட கதை. 1908இல் வ.உ.சி. கைதானார். 1911இல் கம்பெனி கலைந்தது. அமெரிக்காவில் சட்டம் பெரியவனை உடைத்த அதே வருடம், இங்கே சட்டம் பெரியவனோடு நின்று முடித்திருந்தது.

அந்தக் குடையைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி எப்போதும் உண்டு. இலவசக் கப்பலில் ஏறிக் குடையை வாங்கிக்கொண்ட பயணி செய்தது தப்பா? கொழும்பில் கூலி வேலைக்குப் போகிறவர் அவர். மிச்சமாகும் காசில் ஒரு வாரம் வீட்டில் சோறு. அவரிடம் போய் 'சுதேசிக் கப்பலில் காசு கொடுத்து ஏறியிருக்க வேண்டும்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அப்படி ஏறாத ஒவ்வொருவரும் சேர்ந்துதான் அந்தக் கம்பெனி மூழ்கியது என்பதும் கணக்கு.

கோவைச் சிறையில் வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்தார்கள். மாட்டுக்குப் பதில் மனிதன். 'செக்கிழுத்த செம்மல்' என்ற பட்டம் நமக்குப் பழகிப் போனதால் அதிலுள்ள விசித்திரம் கண்ணில் படுவதில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 1934இல் காந்தி வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கி, தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவிடம் ஒப்படைத்தபோது, அவர்கள் மீட்டெடுக்க நினைத்த முக்கியமான தொழில்களில் ஒன்று இதே செக்குதான். செக்கை எப்படி மேம்படுத்துவது என்று அங்கே வருடக்கணக்கில் வேலை நடந்தது. சிறையில் அடிமைத்தனம், வார்தாவில் சுயராஜ்ஜியம். உரலும் உலக்கையும் ஒன்றுதான்.

அப்படியென்றால் சுதந்திரம் கருவியில் இல்லை. செக்கைச் சுற்றுகிறவர் 'இன்னைக்குப் போதும்' என்று நிறுத்த முடியுமா முடியாதா என்பதில் இருக்கிறது.

4

இந்த இடத்தில் நம் பழங்காலத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு காலத்தில் செக்காட்டி எல்லாம் சுதந்திரமாக வாழ்ந்தார், ஆலை வந்து கெடுத்தது என்ற சித்திரம் இனிமையாக இருக்கிறது. கல்வெட்டுகள் அப்படிச் சொல்வதில்லை. சோழர் காலத்தில் செக்குக்கு வரி உண்டு. செக்கிறை என்று பெயர். சங்கரப்பாடியார் எனப்பட்ட எண்ணெய் வணிகர்களுக்குக் கோயில் விளக்குக்கு எண்ணெய் அளக்கும் கடமை இருந்தது. மனுஸ்மிருதியோ செக்கை வைத்துப் பிழைப்பவரைக் கசாப்புக்கூடத்தைவிடப் பத்து மடங்கு தீட்டானவராகக் கணக்குப் போடுகிறது. பிறப்பால் ஒட்டிய தொழிலை விட்டு வெளியேற வழியில்லாதபோது, சொந்தச் செக்கு இருந்தும் ஒருவர் தனி உற்பத்தியாளர் ஆகிவிட மாட்டார். அவருடைய பேரன் பாலிடெக்னிக் படித்து வேறு வேலைக்குப் போனதை நான் வீழ்ச்சி என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, காரைக்குடிக்காரன் சொல்லியே ஆக வேண்டியது. சிறியவன் பக்கம் நின்று பேசுவது எங்கள் ஊரில் அவ்வளவு சுலபமில்லை. இங்குள்ள பெரிய வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை.

அந்த பர்மாவில், ஐராவதி ஆற்றங்கரையில் யெனாங்யாவுங் என்று ஒரு ஊர். அங்கே கையால் தோண்டிய எண்ணெய்க் கிணறுகள் இருந்ததை 1795இல் அந்த வழியே போன ஆங்கிலத் தூதர் மைக்கேல் சைம்ஸ் எழுதியிருக்கிறார். டிரேக்கின் கிணற்றுக்கு அறுபது வருடத்துக்கும் முன்னால். கிணறுகளின் உரிமை 24 குடும்பங்களிடம் பரம்பரையாக இருந்தது. அந்த உரிமையாளர்களுக்கு 'ட்வின்சா' என்று பெயர். கிணற்றை உண்பவர் என்று பொருள். கயிற்றில் ஒருவரை உள்ளே இறக்குவார்கள். ஆவி மூச்சை அடைத்துவிடும், ஒரு நிமிடம்கூடத் தாங்காது, உடனே மேலே இழுக்க வேண்டும். அப்படி அங்குலம் அங்குலமாகச் சில நூறு அடி.

1885இல் பிரிட்டிஷார் மேல் பர்மாவைப் பிடித்தார்கள். 1886இல் கிளாஸ்கோவில் பர்மா ஆயில் கம்பெனி பதிவானது. துளையிடும் இயந்திரம் வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், ட்வின்சாக்களின் உரிமையைக் காலனி அரசு பறிக்கவில்லை. ஒப்புக்கொண்டு, அவர்களுக்கென்று நிலத்தை அளந்தே கொடுத்தது. ட்வின்சாக்கள் அந்த இடங்களைக் கம்பெனிகளுக்கும் வியாபாரிகளுக்கும் ஒவ்வொன்றாக விற்றார்கள். விருப்பத்தோடு, கையெழுத்துப் போட்டு. பக்கத்து இடத்தில் இயந்திரம் ஆயிரம் அடிக்குப் போய் உறிஞ்சும்போது, கயிற்றில் ஆள் இறக்கும் கிணற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தக் கம்பெனியிலிருந்துதான் 1909இல் ஆங்கிலோ பெர்ஷியன் பிறந்தது, இன்றைய பிபி. இந்தியாவில் பர்மா ஷெல் ஆகி, 1976இல் அரசுடைமையாகி, நாம் வண்டிக்குப் பெட்ரோல் போடும் பாரத் பெட்ரோலியமாக இருப்பதும் அதன் கிளைதான்.

கீழ் பர்மாவில் நிலம் கைமாறியதும் இப்படித்தான். செட்டியார்களின் கடன் இல்லாமல் அந்த நெல் வயல்கள் விரிந்திருக்காது. முதல் போட்டவர்கள் அவர்கள்தான், வேறு எந்த வங்கியும் அந்த விவசாயியை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆனால் 1930இல் நெல் விலை சரிந்தபோது அடமானங்கள் மூழ்கின. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 1930இல் 6 சதவீதமாக இருந்த நிலம் 1937 வாக்கில் 25 சதவீதம் ஆனது. அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு வாங்கவில்லை, கடன் வராததால் வந்து சேர்ந்தது என்பது நியாயமான வாதம். பர்மிய விவசாயியின் பக்கத்திலிருந்து பார்த்தால் நேற்று வரை தன் நிலத்தில் உழுதவர் இன்று குத்தகைக்காரர். யாரும் சட்டத்தை மீறவில்லை. யாரும் யாரையும் அடிக்கவில்லை.

'அவரே சம்மதிச்சுத்தானே கையெழுத்துப் போட்டார்' என்ற வாக்கியம் எவ்வளவு விஷயங்களை மூடி மறைக்கிறது என்பதை இந்த இரண்டு பர்மியக் கதைகளிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம். வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் இருப்பவர் சொல்லும் சரி மட்டும்தான் சரி.

5

இப்போதைய நிலைமைக்கு வருவோம். எங்கள் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கும் ஒரு அண்ணனை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். வாகை மரத்தில் செக்கு, மோட்டாரில் ஓடுகிறது. எங்கள் அப்பத்தா காலத்தில் கடலையைக் காயவைத்துத் தூக்கில் கொண்டுபோய்க் கூலிக்கு ஆட்டி வருவோம், புண்ணாக்கு மாட்டுக்கு. இப்போது யாரும் கடலை கொண்டு வருவதில்லை, பாட்டில்தான். கடைச் சுவரில் 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்ற பழமொழி ஃபிளெக்ஸில் தொங்குகிறது.

அவருடைய கணக்கு ஈவு இரக்கமில்லாதது. மரச்செக்கில் ஆட்டினால் புண்ணாக்கிலேயே பத்து சதவீதத்துக்கு மேல் எண்ணெய் தங்கிவிடும். எக்ஸ்பெல்லரில் ஆறேழு. பெரிய ஆலையில் ஹெக்ஸேன் விட்டுக் கரைத்து எடுத்தால் ஒரு சதவீதம்கூட மிஞ்சாது. அவருடைய நல்லெண்ணெய் லிட்டர் 400 ரூபாய்க்கு மேல். அதே தெருவின் ரேஷன் கடையில் பாமாயில் 25 ரூபாய். நாடு முழுக்கப் பார்த்தால் நாம் சாப்பிடும் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி.

ஆன்லைனில் விற்க அவர் கேட்டபோது நான்தான் பக்கம் போட்டுக் கொடுத்தேன். நான் வேலை பார்ப்பது கிடங்கிலிருந்து வீட்டுக்குப் பொருள் போகும் மென்பொருளில், அதனால் இந்த உலகம் எனக்குப் பழக்கம். ஆறு மாதம் கழித்து அவர் கேட்டார்:

"தம்பி, 'மரச்செக்கு எண்ணெய்'னு தேடுனா முதல்ல அவங்களோட எண்ணெய்யே வருதே?"

"அது அவங்க சொந்த பிராண்டுண்ணே."

"என்னுது எப்ப வரும்?"

"விளம்பரத்துக்குக் காசு கட்டுனா மேல வரும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நான் விக்கிற ஒவ்வொரு பாட்டில்லயும் கமிஷனும் அவங்களுக்கு, விளம்பரக் காசும் அவங்களுக்கு. அந்தக் காசுலதான் அவங்க எண்ணெய்யை என்னைவிட கம்மி விலைக்கு விக்கிறாங்க. சரிதானே?"

சரிதான். 1872இன் அந்த ஷரத்தை அவர் படித்ததில்லை. ஒரே ஒரு வித்தியாசம், அன்று அது ரகசியம். இன்று நிபந்தனைகள் பக்கத்தில் இருக்கிறது, டிக் அடித்துத்தான் உள்ளே போகிறோம். அவரும் சம்மதித்தார்தான், ட்வின்சாக்களைப் போல.

சட்டமும் இங்கே கலக்கமாகத்தான் இருக்கிறது. 1998இல் டெல்லியில் கலப்படக் கடுகெண்ணெயால் அறுபது பேர் போல இறந்தார்கள். அதன் பிறகு எண்ணெயைப் பொட்டலத்தில்தான் விற்க வேண்டும் என்ற கருத்து வலுத்தது. 2011 விதிகள் சில்லறையாக அளந்து விற்பதைத் தடை செய்கின்றன. செத்தவர்களை நினைத்தால் இந்த விதியை எதிர்க்க முடியாது. ஆனால் தூக்குச்சட்டியை நீட்டி, கண்ணெதிரே ஆட்டியதை வாங்குகிறவருக்கு லேபிள் எதற்கு? பார்க்க முடியாத தூரத்தில் இருப்பவருக்காக வந்த விதி, பக்கத்தில் இருப்பவர் மேலும் ஒரே எடையில் விழுகிறது. பெரிய ஆலைக்கு அது ஒரு செலவு. அண்ணனுக்கு அது ஒரு இயந்திரம், ஒரு லைசென்ஸ், ஒரு கடன்.

6

அப்படியானால் எனக்கு என்ன கடமை? நண்பர்கள் வட்டத்தில் வழக்கமாகக் கிடைக்கும் பதில், 'காசு கொஞ்சம் கூட ஆனாலும் அவங்ககிட்டயே வாங்கு.' நானும் வாங்குகிறேன், ருசிக்காக. அதை அறம் என்று அழைக்க எனக்குத் தயக்கம். ஐடி சம்பளம் வாங்குகிற ஒருவன் 400 ரூபாய் எண்ணெய் வாங்குவதில் எந்தத் தியாகமும் இல்லை. அதையே அளவுகோலாக்கினால், 25 ரூபாய் பாமாயிலில் பிள்ளைகளுக்கு அப்பளம் பொரிக்கும் அம்மா அறம் குறைந்தவராகிவிடுவார். குடை வாங்கிய கொழும்புப் பயணியைக் குற்றவாளி ஆக்கும் எந்த நீதியும் எனக்கு உடன்பாடில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: என் இரக்கத்தால் பிழைப்பவர் தனி உற்பத்தியாளர் இல்லை. நாளைக்கு வேறு ஒரு ஆரோக்கிய ஃபேஷன் வந்தால் என் இரக்கம் அங்கே போய்விடும்.

தனியாக இருப்பதே நல்லது என்றும் சொல்ல முடியாது. 1930இல் கிழக்கு டெக்ஸாஸில் எண்ணெய் கிடைத்தபோது ஆயிரக்கணக்கான தனி உற்பத்தியாளர்கள் பக்கத்துக்காரன் எடுப்பதற்குள் தான் எடுத்துவிட வேண்டும் என்று பம்ப் ஓட்டினார்கள். பீப்பாய் விலை பத்து சென்டுக்கு விழுந்தது. 1931இல் கவர்னர் ராஸ் ஸ்டெர்லிங் ராணுவத்தை அனுப்பிக் கிணறுகளை மூட வேண்டி வந்தது. அந்தக் கவர்னர் அதற்கு முன் ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனியின் தலைவர் என்பதால், சின்னவர்கள் அவர் நோக்கத்தைச் சந்தேகித்தார்கள். சந்தேகம் நியாயம். ஆனால் யாராவது ஒரு அளவு வைக்காமல் எல்லோரும் சேர்ந்தே மூழ்கியிருப்பார்கள் என்பதும் நியாயம்.

நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். தனி உற்பத்தியாளரைப் பிழைக்க வைக்கும் கடன் யாருக்கும் இல்லை. நல்ல எண்ணெயை மலிவாகக் கொடுத்து ஒருவர் ஜெயித்தால், தோற்றவருக்காக வருந்தலாம், வழக்குப் போட முடியாது. ஆனால் அவர் நடக்கும் பாதை அவருடைய எதிராளியின் சொத்தாக இருக்கக்கூடாது. ரயிலோ, கப்பல் வழியோ, தேடல் பட்டியலோ, பாதை வைத்திருப்பவர் அந்தப் பாதையிலேயே கடையும் விரித்தால், அங்கே நடப்பது போட்டி இல்லை. அதைத் தடுக்கும் கடன் நமக்கு இருக்கிறது. வாங்குகிறவர்களாக இல்லை, குடிமக்களாக. சட்டம் கேட்கும் உரிமை 25 ரூபாய் எண்ணெய் வாங்குகிறவருக்கும் 400 ரூபாய் எண்ணெய் வாங்குகிறவருக்கும் சமம். பணப்பையால் செய்யும் அறத்தில் அந்தச் சமம் இல்லை.

அதோடு, என்னைப் போன்றவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பென்சில்வேனியாவில் அந்தக் கட்டணப் பட்டியலை யாரோ ஒரு ரயில்வே குமாஸ்தா நல்ல கையெழுத்தில் படி எடுத்திருப்பார். அவர் கெட்டவராக இருந்திருக்கத் தேவையில்லை. இன்று எது முதலில் வர வேண்டும் என்று வரிசை எழுதுகிறவர்கள் நாங்கள், பெரும்பாலும் முப்பது வயதுக்காரர்கள், பெரும்பாலும் சின்ன ஊர்களிலிருந்து போனவர்கள். ரயில்வே காலத்தில் பாதை போட்டவர்களுக்கு அதில் யார் சரக்கு முதலில் போகும் என்று முடிவெடுக்கும் வேலை இல்லை. எங்களுக்கு இரண்டும் ஒரே வேலை, ஒரே ஃபைலில் இருபது வரி. அந்த இருபது வரி வந்து சேரும்போது இது யார் பாதை என்று மீட்டிங்கில் வாய் திறந்து கேட்பதற்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் தேவையில்லை. வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலை மட்டும் தேவை. செக்காட்டுகிறவரிடம் அது இருக்கிறதா என்று இவ்வளவு தூரம் கேட்டுவிட்டோம். மாதச் சம்பளக்காரர்களான எங்களிடம் அது எவ்வளவு இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.